இதுக்கு யாரும்மா அளவெடுத்தது?

அப்பாவுக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று தம்பி போனில் சொன்னபோது, நான் கண்ணைத்தான் நினைத்தேன். வயது 72 ஆகிறது.

"கண்ணாடிய மாத்திக் குடுடா" என்றேன்.

"கண்ணு இல்லக்கா. விரல் மதமதன்னு இருக்காம். சட்டை பட்டனே போட வரல. நேத்து கடைப் படியில தடுமாறிட்டாரு."

அப்பா திருமங்கலத்தில் தையல்காரர். ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரே மெஷின், ஒரே ஸ்டூல். குனிந்து குனிந்து முதுகு அப்படியே வளைந்துவிட்டது. நிமிர்ந்து நின்றாலும் தரையைத்தான் பார்ப்பார். எங்கள் வீட்டில் யாரும் அதை நோயாக நினைத்ததில்லை. தையல்காரர் முதுகு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

முதலில் பார்த்த டாக்டர் சுகர் என்றார். அடுத்தவர் நடையைப் பார்த்துவிட்டு, கழுத்து எலும்பு தேய்ந்து தண்டுவடத்தை நெருக்குகிறதோ என்று சந்தேகப்பட்டு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். நான் கோவையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். 19 வருட அனுபவம். பக்கத்திலேயே புது மெஷின் வைத்திருக்கும் இடம் இருக்கிறது என்று தம்பி சொன்னதும், "அங்கேயே எடுங்க, நல்லா வரும்" என்று தைரியமாகச் சொன்னேன்.

சாயங்காலம் போன் வந்தது. "எடுக்கலக்கா. திருப்பி அனுப்பிட்டாங்க."

காரணம் கேட்காமலே எனக்குப் புரிந்துவிட்டது. கழுத்தை ஸ்கேன் செய்யும்போது தலையையும் கழுத்தையும் ஒரு தொட்டிலில் வைப்போம். அதன் மேல் ஒரு மூடியை வைத்து 'க்ளிக்' என்று பூட்டுவோம். பார்க்க விக்கெட் கீப்பர் ஹெல்மெட் மாதிரி இருக்கும். கூன் விழுந்தவரைப் படுக்க வைத்தால் தலை கீழே தொடாது, அந்தரத்தில் நிற்கும். தலையணை வைத்துத் தாங்கினால் மூடி பூட்டாது.

அப்பா போனை வாங்கினார். "மெஷினுக்கு நான் பொருந்தலையாம்மா" என்றார், ஏதோ தன் மேல் தப்பு மாதிரி. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாருக்கும் ஒரே அளவா இருக்கே. இதுக்கு யாரும்மா அளவெடுத்தது?" என்றார்.

சிரித்துவிட்டு போனை வைத்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. "படுக்க முடியலைன்னா எடுக்க முடியாது பாட்டி" என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! அவர்கள் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, மன்னிப்புக் கேட்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவேன்.

அந்த ஹெல்மெட்டுக்கு எங்கள் பாஷையில் 'காயில்' என்று பெயர். கொசுவர்த்தி ஞாபகம் வரலாம், மோட்டார் காயில் கட்டும் கடை ஞாபகம் வரலாம். சொந்தத்தில் கொஞ்சம் மோட்டார் கடைக்குப் பக்கம்தான். செம்புக் கம்பியை வளைத்துச் செய்த ஆன்டெனா அது. (உள்ளே 'டக டக'வென்று காதைப் பிளக்கும் சத்தம் வருமே, அது இது இல்லை. அது மெஷினுக்குள்ளேயே இருக்கும் வேறு காயில்களின் வேலை. பாவம், திட்டு மட்டும் எல்லாவற்றுக்கும் சேர்த்து விழும்.)

உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. பெரிய காந்தத்துக்குள் படுக்கவைத்து, சரியான அலைவரிசையில் ஒரு ரேடியோ அலையைக் கொடுத்தால் அந்தக் குட்டிக் காந்தங்கள் சிலிர்த்து எழும். அலையை நிறுத்தியதும் அதே அலைவரிசையில் பதில் சொல்லும். 1.5 டெஸ்லா மெஷினில் அந்த அலைவரிசை சுமார் 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் சுமார் 128. நீங்கள் காரில் கேட்கும் எஃப்.எம். ரேடியோ, 88-லிருந்து 108 வரை, இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதனால்தான் எங்கள் ஸ்கேன் ரூம் சுவருக்குள் செம்புத் தகடு பதித்திருப்பார்கள். வெளி அலை நுழைந்தால் படத்தில் கோடு கோடாக விழும்.

உடம்பு சொல்லும் அந்தப் பதில் ரொம்ப மெல்லிசு. நாதஸ்வரம் முழங்கும் கல்யாண மண்டபத்தில் ஒரு பாட்டி ஏதோ சொல்கிறார் என்று வையுங்கள். நாம் என்ன செய்வோம்? குனிந்து அவர் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோவோம். காயிலின் கதை முழுக்க அந்தக் குனிதல்தான்.

படிக்கிற காலத்தில் காயில் பாடத்தைப் பரீட்சைக்காக மட்டும் படித்தேன். அந்த ராத்திரிதான், அப்பாவின் கேள்விக்காக, ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன்.

முதல் அளவு மனிதனுக்கே எடுக்கப்படவில்லை. மெழுகுக்கு எடுத்தார்கள்! 1945 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்வர்டில் பர்செல், டோரி, பவுண்ட் என்ற மூன்று பேர், ஒரு உலோகக் கூட்டுக்குள் பாரஃபின் மெழுகை நிரப்பி, காந்தத்துக்கு நடுவில் வைத்து அந்தச் சிலிர்ப்பைப் பிடித்தார்கள். சில வாரங்களுக்குள் நாட்டின் இன்னொரு ஓரத்தில், ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் பிளாக்கும் அவர் கூட்டாளிகளும் தண்ணீரில் அதையே பிடித்தார்கள். பிளாக் செய்தது காயில்காரர்களுக்கு முக்கியம். அலையைக் கொடுக்க ஒரு காயில், பதிலைக் கேட்க இன்னொரு காயில். இரண்டையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தார். கத்துகிற வாயின் சத்தம் கேட்கிற காதை அடைத்துவிடக் கூடாது இல்லையா? 1952-ல் பிளாக்கும் பர்செலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அப்போது காயிலின் அளவு சோதனைக் குழாயின் அளவு. மனிதனைப் பற்றி யோசனையே இல்லை.

1973-ல் பால் லாட்டர்பர் முதல் படத்தை வெளியிட்டபோதும் உள்ளே இருந்தது இரண்டு சின்னத் தண்ணீர்க் குழாய்கள்தான். அந்தக் கட்டுரையை 'நேச்சர்' இதழ் முதலில் திருப்பி அனுப்பியதாம். ஆக, எம்.ஆர்.ஐ. உலகத்தில் திருப்பி அனுப்புவது புதுசு இல்லை.

அடுத்து வந்த கதையைப் படித்தபோது நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன்.

நியூயார்க்கின் புரூக்ளினில் ரேமண்ட் டமாடியன் என்ற டாக்டர், மின்காஃப், கோல்ட்ஸ்மித் என்ற இரண்டு மாணவர்களோடு முழு மனிதன் நுழையும் மெஷின் ஒன்றைக் கட்டினார். 'அடக்க முடியாதது' என்ற அர்த்தத்தில் 'இண்டாமிடபிள்' என்று பெயரும் வைத்தார். காயில் கோல்ட்ஸ்மித்தின் கைவேலை: அட்டையைச் சுற்றி செம்பு. அதை மார்பைச் சுற்றிப் பனியன் மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டும். 1977 மே மாதம் டமாடியனே மாட்டிக்கொண்டு உள்ளே போனார். ஒன்றும் வரவில்லை, ஒரு சிக்னல்கூட இல்லை! மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் கண்டுபிடித்த காரணம், காயிலுக்கு அவர் குண்டு என்பது.

மெஷினைக் கட்டியவரே மெஷினுக்குப் பொருந்தவில்லை!

அவருக்கு உடம்புக்கு ஏதும் ஆகவில்லை என்று சில வாரங்கள் பார்த்த பிறகு, ஒல்லியான மின்காஃபுக்கு அதை மாட்டிவிட்டார்கள். 1977 ஜூலை 3. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் அசையாமல் இருந்தார். மார்பின் ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படம் கிடைத்தது. மனித உடலின் குறுக்கே எடுக்கப்பட்ட முதல் எம்.ஆர்.ஐ. படங்களில் ஒன்று அது. (2003-ல் லாட்டர்பருக்கும் இங்கிலாந்தின் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் கிடைத்து, டமாடியனுக்குக் கிடைக்காமல் போனதும், அவர் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டதும் தனிக் கதை. எனக்கு அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. அட்டைப் பனியனுக்காக மட்டும் அவரைப் பிடிக்கும்.)

மறுநாள் காலை அப்பாவுக்கு போன் போட்டு இதைத்தான் முதலில் சொன்னேன்.

"அவருக்கே பத்தலையா?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. "அளவு எடுக்காமத் தச்சா அப்படித்தான்."

"கிளம்பி வாங்கப்பா. நான் எடுத்துப் பாக்குறேன்."

தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, பயம் இருந்தது. எங்கள் மெஷின் பழசு. ஆனால் பழசில் ஒரு வசதி. அலமாரியின் அடித்தட்டில், யாரும் தொடாத ஒரு வளையும் காயில் கிடந்தது. நல்ல தடிமனான துணிப்பட்டை மாதிரி இருக்கும், முழங்கைக்கோ தோளுக்கோ சுற்றலாம். புது காயிலில் இருபது காது இருக்கிறது என்றால் இதில் நாலே நாலு.

ஸ்கேனுக்கு முந்தின ராத்திரி, சாப்பிட்டு முடித்து, அப்பாவுக்கு ஒரு நோட்டில் படம் போட்டு மீதிக் கதையைச் சொன்னேன்.

1976-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹூல்ட், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: ஒரு காயில் எந்த இடத்துக்கு நன்றாகச் சொல்கிறதோ, அந்த இடத்திலிருந்துதான் நன்றாகக் கேட்கும். அதோடு இன்னொரு விஷயமும் அந்தக் காலத்தில் தெளிவானது. படத்தில் விழும் புள்ளிகளில் பெரும்பங்கு மெஷினின் கோளாறு இல்லை, உடம்பே போடும் இரைச்சல். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர்தானே நாம்! பெரிய காயிலை வைத்தால் உடம்பு முழுக்க இருக்கும் இரைச்சலைக் கேட்கும். சின்ன காயிலை வைத்தால் பக்கத்தில் இருப்பதை மட்டும் கேட்கும்.

1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில்தான் அதை எளிமையாகச் செய்து காட்டினார்கள். ஆக்கர்மனும் கூட்டாளிகளும் ஒரு கம்பி வளையத்தை எலியின் காலிலும் தலையிலும் அப்படியே வைத்து, உள்ளே இருக்கும் பாஸ்பரஸின் சேதியைக் கேட்டார்கள். 'சர்ஃபேஸ் காயில்' என்று பெயர். அதாவது தோலின் மேலேயே காது.

"அப்ப அதையே எல்லாருக்கும் வச்சிருக்கலாமே" என்றார் அப்பா.

அங்கேதான் சிக்கல். பக்கத்தில் இருப்பது பளிச்சென்று தெரியும், ஆழத்தில் இருப்பது மங்கிவிடும். தலை முழுக்க, வயிறு முழுக்க ஒரே சீராகத் தெரிய வேண்டுமே. அதற்கு வந்ததுதான் கூண்டு.

1980-களின் தொடக்கத்தில், உயர்ந்த அலைவரிசை மனித உடம்புக்கு ஒத்துவராது என்று பலர் நினைத்திருந்தார்கள். கம்பி பெரிதாகப் பெரிதாக, அதில் ஓடும் மின்சாரம் ஒரு முனையில் ஒரு மாதிரியும் இன்னொரு முனையில் வேறு மாதிரியும் இருக்கும். 64 மெகாஹெர்ட்ஸுக்கு உடம்பளவு காயில் செய்வது லேசான காரியம் இல்லை. ஜி.இ. நிறுவனத்தில் சிசில் ஹேய்ஸ் என்பவரின் குழு அதற்கு வழி கண்டது. மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம், நடுவில் சுற்றிலும் நேர்க் கம்பிகள், இடையிடையே கெப்பாசிட்டர்கள். மின்சாரம் கம்பிக்குக் கம்பி கூடிக் குறைந்து அழகாக ஒரு சுற்று வரும். உள்ளே இருக்கும் இடமெல்லாம் கிட்டத்தட்ட ஒரே சீர். 1985-ல் கட்டுரையாக வந்தது. பார்க்க அச்சு அசல் கிளிக்கூண்டு, பெயரும் அதுவே: 'பேர்ட்கேஜ்'. இன்றைக்கும் பெரும்பாலான 1.5 டெஸ்லா மெஷின்களின் குழாய்ச் சுவருக்குள், பிளாஸ்டிக்குக்குப் பின்னால், அந்தக் கூண்டு ஒளிந்திருக்கிறது. நீங்கள் ஸ்கேனுக்குப் படுத்திருந்தால் அதற்குள் படுத்திருப்பீர்கள்.

அப்பாவுக்குக் கூண்டில் ஆர்வம் வரவில்லை. அடுத்ததில்தான் நிமிர்ந்தார். நிமிர்ந்தார் என்றால், அவரால் முடிந்த அளவுக்கு.

கூண்டு மாதிரி பெரிய இடத்தையும் பார்க்க வேண்டும், சர்ஃபேஸ் காயில் மாதிரி பக்கத்தில் இருந்தும் கேட்க வேண்டும். அப்படியென்றால் சின்னச் சின்ன வளையங்களாக நிறைய அடுக்க வேண்டியதுதானே? அடுக்கினால் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடும். ஒரு வளையத்தில் வந்தது பக்கத்து வளையத்திலும் எதிரொலித்து, எல்லாம் குழம்பிவிடும். 1990-ல் ரோமர் என்பவரும் கூட்டாளிகளும் (அதே ஹேய்ஸும் அதில் உண்டு) இதைத் தீர்த்தார்கள். இரண்டு வளையங்களையும் விலக்கி வைக்காமல், ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி வைத்தார்கள். விட்டத்தில் சுமாராகக் கால் பங்கு ஏறினால், ஒன்று இன்னொன்றுக்குள் அனுப்புவதும், ஏறிய இடத்தில் எதிர்த்திசையில் போவதும் அடித்துப்போய், இரண்டும் ஒன்றையொன்று கேட்காது.

நான் நோட்டில் இரண்டு வட்டம் போட்டு முடிப்பதற்குள் அப்பா சொன்னார்: "பட்டன் பட்டி."

"என்னப்பா?"

"சட்டைக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் முட்டிக்கிட்டு நின்னா இடைவெளி தெரியும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும். எவ்ளோ ஏறணும்னு கணக்கு இருக்கு. கம்மியானாலும் தப்பு, கூடினாலும் தப்பு."

19 வருடம் தினமும் கையில் எடுக்கும் சாமான். அதை எனக்கு இப்படி யாரும் சொல்லித் தந்ததில்லை.

அந்த முதல் அடுக்கில் நாலு வளையங்கள், முதுகுத்தண்டுக்காக வரிசையாக. 1997-ல் பாஸ்டனில் சோடிக்சன், மேனிங் இருவரும், 1999-ல் ஜூரிக்கில் புரூஸ்மன் குழுவும் இன்னொரு லாபத்தைக் காட்டினார்கள். ஒவ்வொரு காதும் வேறு வேறு இடத்திலிருந்து கேட்பதால், அந்த வித்தியாசத்தை வைத்தே படத்தின் ஒரு பகுதியைக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம், ஸ்கேன் நேரம் பாதியாகக்கூடக் குறையும். அதற்குப் பிறகு காதுகளின் எண்ணிக்கைதான் போட்டி. 2006-ல் பாஸ்டனில் விக்கின்ஸ் குழு தலைக்கு 32 காயில்களை, கால்பந்தில் தைத்த அறுகோண, ஐங்கோணத் துண்டுகள் மாதிரி ஒரு ஹெல்மெட்டில் பதித்தது. சில வருடங்களில் 96 வந்துவிட்டது.

படங்கள் அபாரம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் வருத்தம் இங்கேதான். காது நெருங்க நெருங்க, ஹெல்மெட் கெட்டியானது. ஏதோ ஒரு சராசரித் தலைக்கும் நேரான கழுத்துக்கும் அச்சு வார்த்தார்கள். அந்த அச்சுக்குள் வருபவருக்குக் கண்ணாடி மாதிரி படம். வராதவருக்கு, கூன் விழுந்த தையல்காரருக்கு, பஞ்சு மாதிரி கழுத்து இருக்கும் குழந்தைக்கு, எதுவுமில்லை. 'அடக்க முடியாதது' என்ற பழைய பெயர் காயிலுக்கு ஒட்டிக்கொண்ட மாதிரி.

மறுநாள் காலை. உள்ளே கூட்டிப்போகும் முன் எல்லாரையும் சோதிப்பதுபோல அப்பாவையும் சோதித்தேன். பல்செட் இல்லை, அரைஞாண் கயிற்றில் தாயத்து இருந்தது, கழற்றினேன். சட்டைக் காலரின் உள்பக்கம் கை பட்டதும் குத்தியது. இரண்டு ஊசி, ஒரு குண்டூசி! ஐம்பது வருடப் பழக்கம். அந்தக் காந்தத்தின் முன் அது என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. சட்டையையே மாற்றிவிட்டேன்.

தலைக்குக் கீழே இரண்டு தலையணை, அதன் மேல் மடித்த போர்வை, முழங்காலுக்குக் கீழே ஒரு திண்டு. படுக்கையில் பதித்திருக்கும் முதுகுக் காயிலிலிருந்து கழுத்து நாலு விரற்கடை உயரத்தில் நின்றது. அந்த நாலு விரற்கடையில் பாதி சிக்னல் போய்விடும். அதனால் அலமாரிக் காயிலை எடுத்து, மஃப்ளர் மாதிரி கழுத்தைச் சுற்றி வளைத்து, பட்டையால் கட்டினேன்.

"இறுக்குதாப்பா?"

"ஒரு விரல் போகுது. சரியான அளவுதான்."

முதல் படம் வந்தது. மழைநாளில் தெரிந்த பழைய தூர்தர்ஷன் மாதிரி ஒரே புள்ளி. திரும்பத் திரும்ப எடுத்துக் கூட்டினால் புள்ளி குறையும். ஆனால் அந்தக் கணக்கு கருணையில்லாதது: இரண்டு மடங்கு தெளிவு வேண்டுமென்றால் நாலு மடங்கு நேரம் வேண்டும். மைக்கில் சொன்னேன், "அப்பா, கொஞ்ச நேரம் கூட ஆகும். எச்சில் முழுங்காம இருங்க." இருபது நிமிட ஸ்கேன் ஐம்பது நிமிடம் ஆனது. கையில் கொடுத்திருந்த பல்பை அவர் ஒரு தடவைகூட அழுத்தவில்லை. காஜா எடுக்கிறவருக்கு அசையாமல் உட்காரச் சொல்லியா தரணும்?

கடைசி வரிசை வந்தபோது மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் தெரிந்தது. கழுத்து எலும்புகளுக்கு நடுவில், தண்டுவடம் இரண்டு இடத்தில் நசுங்கி இருந்தது. ரிப்போர்ட் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் 19 வருடம் பார்த்த கண்ணுக்கு ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கத் தெரியவில்லை. எங்கள் ரேடியாலஜிஸ்ட் வந்து பார்த்தார். "அழகா இல்ல. ஆனா சர்ஜனுக்கு இது போதும்" என்றார்.

மூன்று வாரத்தில் மதுரையில் ஆபரேஷன் நடந்தது. இனி மோசமாகாமல் தடுப்பதுதான் முதல் குறி, போனது எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்று சர்ஜன் முன்னாடியே சொல்லிவிட்டார். எட்டு மாதம் ஆகிறது. நடை நேராகிவிட்டது, படியில் தடுமாற்றம் இல்லை. இடது கை பழையபடி. வலது கை விரல்களில் மதமதப்பு இன்னும் பாதி இருக்கிறது. கட்டிங்கை விட்டுவிட்டார், கத்தரியைப் பையனிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார். அந்த முதல் டாக்டர் சுகர் என்று சொன்ன நாளிலேயே படம் எடுத்திருந்தால் அந்த விரல்கள் முழுசாகக் கிடைத்திருக்குமோ என்று நினைக்காத நாள் இல்லை.

திருப்பி அனுப்பிய அந்தப் பாட்டிகளையும் நினைக்கிறேன். அவர்கள் பெயரெல்லாம் என்னிடம் இல்லை.

காலம் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. 2016-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு குழு, வெள்ளி மை கொண்டு பிளாஸ்டிக் தாளில் காயிலை ஸ்கிரீன் பிரிண்ட் செய்தது. கல்யாணத் தாம்பூலப் பைக்குப் பெயர் அச்சடிப்பார்களே, அதே முறை. போர்வை மாதிரி வளையும், குழந்தைகளைச் சுற்றலாம். போர்வை போன்ற காயில்கள் இப்போது புது மெஷின்களோடு கடைக்கும் வந்துவிட்டன. 2018-ல் நியூயார்க்கில் ஒரு குழு கையுறை வடிவில் காயில் செய்தது. போட்டுக்கொண்டு விரலை மடக்கி நீட்டினால், எலும்பும் தசைநாரும் அசைவதைப் படம் பிடிக்கலாம். ரோமர் சொன்ன அந்தக் கால் பங்குக் கணக்கு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத புதுவகை வளையங்கள் அவை.

அந்தக் கையுறையின் படத்தை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"கட்டைவிரல் கிட்டதாம்மா கஷ்டம். மத்த நாலும் ஒரே பக்கம் மடங்கும். அது குறுக்க மடங்கும். அங்க துணி கொஞ்சம் தாராளமா விட்டுருக்கணும்."

எங்கள் சென்டருக்குப் போர்வை காயில் எப்போது வரும் என்று தெரியாது, விலை அப்படி. அதுவரைக்கும் அலமாரியின் அடித்தட்டில் கிடந்ததை மேல்தட்டுக்கு மாற்றிவிட்டேன். போன மாதம் அப்பாவிடம், கூன் விழுந்தவர்களுக்குக் கழுத்துக்குக் கீழே வைக்கச் சாய்வான திண்டு வேண்டும், கெட்டி ஃபோம் வாங்கி உறை தைத்துத் தர முடியுமா என்று கேட்டேன்.

"ஜிப் வைக்கலாமா?"

"கூடாதுப்பா. உலோகம் எதுவும் ஆகாது."

"அப்ப நாடா வச்சுரலாம். பையன் தைப்பான், அளவு நான் சொல்றேன். எத்தனை அளவு வேணும்?"

"சின்னது, பெருசு, நடுவாந்திரம். மூணு போதும்ப்பா."

"மூணு பத்தாதும்மா" என்றார். "அஞ்சா அனுப்புறேன்."